ஏழாம் எண்ணுக்குப் போன செய்தி

ஜூன் 3, திங்கள்

காலைக் கூட்டத்தில் அருள்தாஸ் சார் அந்த வேலையை என் தலையில் கட்டினார். கட்டினார் என்று எழுதினாலும், கேட்டு வாங்கியது நான்தான்.

நாங்கள் டயாலிசிஸ் மையங்களுக்கு மென்பொருள் செய்கிறோம். எந்த நோயாளிக்கு எந்த நாள், எந்த நேரம், எந்த மெஷின் என்று பதிவு வைப்பது, ஏதாவது மாறினால் அவர்கள் போனுக்குச் செய்தி அனுப்புவது. எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட். வழக்கமான வேலைகளுக்கு மையத்துக்காரர்களிடம் திரை இருக்கிறது. திரையில் முடியாத ஏதாவது வந்தால் எங்களுக்குப் போன் வரும். எங்களில் ஒருவர் டெர்மினல் என்கிற கறுப்புத் திரையைத் திறந்து கை நீளத்துக்கு ஒரு வரியை அடிக்க வேண்டும். அந்த வரிகள் எனக்கும் இம்தியாஸுக்கும் மட்டும்தான் மனப்பாடம். நாங்கள் இருவரும் ஒரே நாளில் லீவு எடுத்தால் ஆபீஸ் நின்றுவிடும்.

இனி அந்த நீள வரிகளெல்லாம் எங்களுடைய சொந்தக் கமாண்டுகளாக மாறப்போகின்றன. புதிதாக வருகிறவர்கூட இரண்டு சொல் அடித்தால் போதும். வெள்ளிக்கிழமை மையத்து ஆட்களை அழைத்துக் காட்டுவதாகச் சார் சொல்லிவிட்டார். கடைசியில் உதவிக் குறிப்பு எழுத வசதியாக இருக்குமே என்று அன்றன்று செய்வதைக் குறித்துவைக்கிறேன்.

வாஷிங் மெஷினில் தண்ணீர் கசிகிறது. என் கணவர் பரணி பார்க்கிறேன் என்றார்.

ஜூன் 4, செவ்வாய்

பெயர் வைத்தாயிற்று. மணி. ஆங்கிலத்தில் அடித்தால் நான்கே எழுத்து, எல்லோருக்கும் வாயில் நிற்கும்.

செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு கோப்பு எழுதி, அதன் முதல் வரியில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுகிற நோட் என்ற புரோகிராமைக் கொண்டு இதை ஓட்டு என்று சொல்லி, புராஜெக்டின் பேக்கேஜ் கோப்பில் மணி என்றால் இந்தக் கோப்பு என்று சேர்த்து, ஒரு தடவை இணைத்துவிட்டால் முடிந்தது. அப்புறம் எந்த ஃபோல்டரில் நின்று மணி என்று அடித்தாலும் ஓடி வரும். முதல்முறை ஓடி வந்து "வணக்கம், என்ன செய்யட்டும்?" என்று நான் எழுதிவைத்ததையே திரையில் கேட்டபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். இம்தியாஸ் எட்டிப் பார்த்து, "என்னக்கா, நீங்களே எழுதி நீங்களே சிரிக்கறீங்க?" என்றான்.

மாலையில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் பிடித்து வைத்தேன்.

ஜூன் 5, புதன்

இன்று மூன்று கமாண்டு முடிந்தது. மணி பார், மணி மாற்று, மணி ரத்து. ரத்து என்று அடித்து நோயாளியின் எண்ணைக் கொடுத்தால் அவருடைய அடுத்த பதிவு நீங்கும். கூடவே அவர் போனுக்குத் தமிழில் ஒரு செய்தி போகும்: "நாளைய டயாலிசிஸ் ரத்து செய்யப்பட்டது. புதிய தேதி பின்னர் தெரிவிக்கப்படும்."

அடித்தவுடனே ரத்தாகக் கூடாது, நிச்சயமாகவா என்று ஒருமுறை கேட்க வேண்டும் என்றான் இம்தியாஸ். சரிதான் என்று அந்தக் கேள்வியைச் சேர்த்தேன். ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் ஆமாம், ஆமாம் என்று பதில் அடித்து விரல் வலித்தது. மாலையில் என் கம்ப்யூட்டரில் மட்டும் அந்த வரிக்கு முன்னால் இரண்டு சாய்வுக் கோடு போட்டு அதை வாயடைத்து வைத்தேன். முடித்த பிறகு எடுத்துவிடலாம்.

சோதனைக்கென்று தனியாகப் பொய் நோயாளிகள் வைத்திருக்கிறோம். நான் எப்போதும் ஏழாம் எண்ணைத்தான் அடிப்பேன். அவர் பெயர் டெஸ்ட் முத்து. இன்று மட்டும் அவரை முப்பது தடவையாவது ரத்து செய்திருப்பேன்.

ஜூன் 6, வியாழன்

காற்று இன்று பலமாக இருந்தது. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வருகிற காற்று. மொட்டை மாடியில் காயப்போட்ட பெட்ஷீட் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது. அந்த அம்மாள் மடித்தே கொண்டுவந்து கொடுத்தார்.

மதியம் ரத்து கமாண்டில் ஒரு சின்னக் குழப்பம். உடனே சரிசெய்துவிட்டேன். பதிவு எல்லாம் பழையபடி இருக்கிறது.

நாளைக்கு எந்தப் புடவை கட்டுவது என்று தெரியவில்லை.

ஜூன் 7, வெள்ளி

மையத்திலிருந்து நால்வர் வந்தார்கள். தலைமை நர்ஸ் எஸ்தர் சிஸ்டர் முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார். நான் பெரிய திரையில் ஒரு சொல் அடிப்பதும், அது தமிழில் பதில் சொல்வதும் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. போகும்போது என் கையைப் பிடித்து, "எங்க வேலையில பாதி குறைஞ்சுதும்மா" என்றார். அடுத்த புராஜெக்டுக்கு நானே லீட் என்று அருள்தாஸ் சார் எல்லோர் முன்னாலும் சொன்னார். கேக் வெட்டினார்கள்.

நான்கு மணிக்கு மேல் நிஜப் பதிவைத் திறந்து மையத்தின் மதிய ஷிப்டைப் பார்த்தேன். எல்லோர் பெயருக்கு எதிரிலும் பச்சை. ஏழாம் எண்ணுக்கு எதிரில் "வரவில்லை".

டயாலிசிஸுக்கு வராமல் போகிறவர்கள் எப்போதும் உண்டு. யாருக்காவது வீட்டில் விசேஷம் இருக்கும், பஸ் கிடைக்காது. எஸ்தர் சிஸ்டரே ஒருமுறை இதைச் சொல்லிக் குறைபட்டிருக்கிறார்.

கேக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பரணி சாப்பிட்டார்.

ஜூன் 9, ஞாயிறு

மாவு அரைத்தேன். தூறல். வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 10, திங்கள்

எஸ்தர் சிஸ்டர் காலையில் போன் செய்தார். சென்னியப்பன் என்று ஒரு நோயாளி, அன்னூருக்கு அந்தப் பக்கம், அறுபத்தெட்டு வயது. வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி வருகிறவர். வெள்ளிக்கிழமை வரவில்லை. நேற்று மாலையில் மூச்சு வாங்கி, படுக்க முடியாமல், வாயில் நுரை வந்து, காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஐ.சி.யூ.வில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று செய்தி வந்ததாக அவருடைய மருமகள் சொல்கிறாராம். செய்தியைக் காட்டு என்றால், படித்ததும் அழித்துவிட்டேன் என்கிறாராம். மையத்திலோ யாரும் எதையும் ரத்து செய்யவில்லை. உங்கள் பக்கம் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

சார் என் மேஜைக்கு வந்து, நம்மிடமிருந்து ஏதாவது போயிருக்குமா என்று கேட்டார். பார்க்கிறேன் என்றேன். பார்ப்பதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் அரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு, பதிவு ரத்தாகவில்லை சார், வெள்ளிக்கிழமைப் பதிவு அப்படியே இருக்கிறது என்றேன். அதையே மையத்துக்கு எழுதி அனுப்பச் சொன்னார். எழுதினேன். "ஏழாம் எண் நோயாளியின் வெள்ளிக்கிழமைப் பதிவு எங்கள் கணினியில் ரத்தான நிலையில் இல்லை." மூன்று முறை திருத்தி எழுதிய வாக்கியம். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

வியாழக்கிழமை நடந்ததை எழுதிவிடுகிறேன். இதை வேறு யார் படிக்கப்போகிறார்கள்.

அன்று காலையில் மையத்திலிருந்து ஒரு புகார் வந்தது. அதைப் பார்க்க என் கம்ப்யூட்டரைச் சோதனைத் தரவிலிருந்து நிஜத் தரவுக்கு மாற்றினேன். புகார் தீர்ந்தது. திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். மதியம் வழக்கம்போல மணி ரத்து ஏழு என்று அடித்தேன். கேள்வியைத்தான் வாயடைத்து வைத்திருந்தேனே, அது கேட்கவில்லை. "சென்னியப்பனுக்குச் செய்தி அனுப்பப்பட்டது" என்று திரையில் வந்தது. டெஸ்ட் முத்து என்று வர வேண்டிய இடத்தில் ஒரு மனிதரின் பெயர்.

பதிவை மறுபடி போட இரண்டு நிமிடம் ஆனது. செய்தியைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் பெயருக்குக் கீழேயே அவர்கள் வீட்டுப் போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டு, தவறுதலாக வந்துவிட்டது, நாளை கட்டாயம் வாருங்கள் என்று சொல்ல வேண்டியதுதான். என் போனைக் கையில் எடுத்தேன். முதல் ஐந்து எண்ணும் அடித்தேன்.

இம்தியாஸ் எதிரில் இருந்தான். கேள்வியை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பான். மறுநாள் எஸ்தர் சிஸ்டர் வருகிறார். இதை வைத்துக்கொண்டு அவர் முன்னால் எப்படி நிற்பது. பதிவு சரியாகத்தான் இருக்கிறது, மையத்திலிருந்து எப்படியும் முந்தின நாள் சாயங்காலம் எல்லோரையும் கூப்பிட்டு நினைவுபடுத்துவார்கள், அவர்களே சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டப்பாவைத் திறந்து தயிர் சாதம் சாப்பிட்டேன்.

மையத்தில் அப்படி எல்லோரையும் கூப்பிடுகிறார்களா என்று எனக்குத் தெரியாது. இன்று விசாரித்தேன். கூப்பிடுவதில்லை. அதற்குத்தான் நம்மிடம் மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள்.

ஜூன் 12, புதன்

சென்னியப்பன் ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு வந்துவிட்டார். எஸ்தர் சிஸ்டர் சொன்னபோது எழுந்து பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அழுதுவிட்டு முகம் கழுவியதும் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. அப்படி இருந்ததே இப்போது கூசுகிறது.

நான் எழுதி அனுப்பியதை அவர்கள் வீட்டார் எல்லோரையும் வைத்துக்கொண்டு படித்துக் காட்டினாராம். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதால் பிரச்சினை முடிந்தது என்று எனக்கு நன்றி சொன்னார்.

முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று பரணி கேட்டார். பல்வலி என்றேன். கிராம்பு எடுத்துக் கொடுத்தார். கடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 13, வியாழன்

வாஷிங் மெஷின் சரியாகிவிட்டது. ரப்பர் வளையம்தான் கிழிந்திருந்தது.

ஜூன் 14, வெள்ளி

மையத்துக் கம்ப்யூட்டரில் மணியைப் போட்டுக்கொடுக்க இம்தியாஸைத்தான் அனுப்பியிருக்க வேண்டும். அவனுக்குக் காய்ச்சல். நான் போனேன்.

வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. எஸ்தர் சிஸ்டர் ரவுண்ட்ஸில் இருந்தார். அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று வெளி வராண்டாவில் காத்திருந்தேன். நோயாளிகளுடன் வந்தவர்கள் உட்காரும் இடம். பக்கத்து நாற்காலியில் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். பச்சை நூல் சேலை, மடியில் ஒரு வயர்கூடை. நான் கம்ப்யூட்டர் பையோடு இருந்ததைப் பார்த்து, இங்கே வேலையா என்று கேட்டார். கம்ப்யூட்டர் வேலை என்றேன். நீங்கள் யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று, கேட்க வேண்டுமே என்று கேட்டேன். மாமனாருக்கு என்றார். உள்ளே கண்ணாடி வழியாகக் கை காட்டினார். மூன்றாவது படுக்கையில், கையில் குழாயோடு, மெலிந்து கறுத்த ஒருவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். வார்டிலிருந்து நேற்றுத்தான் வீட்டுக்கு விட்டார்களாம்.

அந்தப் பெண்ணின் பெயர் கலாமணி. கேட்காமலே சொன்னார். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தவர்போல இருந்தது. மாமனாருக்குக் கண் சரியாகத் தெரியாது, செய்தி எல்லாம் இவர் போனுக்குத்தான் வரும், இவர்தான் படித்துச் சொல்ல வேண்டும். போன வாரம் வேண்டாமென்று வந்ததைப் படித்துச் சொல்லியிருக்கிறார். மறுநாள் இவருடைய தம்பி வீட்டில் காதுகுத்து. போவதில்லை என்று இருந்தவர், அதுதான் ரத்தாகிவிட்டதே என்று போய்விட்டு வந்திருக்கிறார். இப்போது அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாத்தனார் ஊரிலிருந்து வந்து, தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போவதற்காகவே இல்லாத செய்தியை இவள் உண்டாக்கினாள் என்று வார்டிலேயே எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டரில் பார்த்து எழுதியும் கொடுத்துவிட்டார்களே, அதற்கு மேல் என்ன பேசுவது என்றார். வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லையாம். திட்டவுமில்லை. பேசுவதை நிறுத்திவிட்டாராம். சோற்றைப் போட்டு வைத்தால் எடுத்துச் சாப்பிடுகிறார், அவ்வளவுதான்.

நான் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கே இப்ப சந்தேகமா இருக்குதுங்க. படிச்ச மாதிரிதான் இருக்குது. ஒருவேளை வேற எதையாச்சும் பாத்துட்டு நானாத்தான் நெனச்சுக்கிட்டனோ என்னமோ. மனசுல போகோணும்னு ஆசை இருந்திருக்குமில்லீங்க" என்றார்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். சில நேரம் போனில் செய்தி தப்பாக வந்துவிடும் என்று சொன்னேன். "அப்புடிங்களா" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஏதாவது சொல்ல மாட்டேனா என்று என் முகத்தைப் பார்த்தார். டீக்காரர் வந்தார். எனக்கும் சேர்த்து வாங்கினார். வேண்டாமென்று சொல்லச் சொல்லக் கையில் கொடுத்தார். குடித்தேன். அவரே டம்ளரையும் வாங்கிக்கொண்டுபோய் வைத்தார்.

அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 15, சனி

கலாமணி. படித்ததைப் படித்தபடியேதான் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 17, திங்கள்

சாரிடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்தச் சொன்னார். முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை, அதுதான் ஆச்சரியம். நடந்த தவற்றைவிட நான் மூன்று முறை திருத்தி எழுதிய அந்த வாக்கியம்தான் அவரைப் பயமுறுத்தியது. தெரிந்தே எழுதிக் கொடுத்தது என்று ஆகிவிடும் என்றார். மையம் நம்மை விட்டுப் போய்விடும், மற்ற மையங்களுக்கும் செய்தி பரவும், இங்கே இருக்கிற ஒவ்வொருத்தர் வீட்டையும் நினைத்துப் பார் என்றார். நியாயமான மனிதர். பொய் சொல் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"அந்தப் பெரியவர் வீட்டுக்கு வந்துட்டார் இல்லையா? அதோட விட்டுரு யமுனா. கேள்வியைத் திரும்ப வெச்சுட்டே, இனிமே நடக்காது. இதைப் பேசிப் பேசி யாருக்கு என்ன லாபம்?"

அவர் சொல்லச் சொல்ல எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும். அவர் அறையிலிருந்து வெளியே வந்தபோது, மேலதிகாரி வேண்டாமென்றுவிட்டார், இனி என் கையில் இல்லை என்று ஒரு நிமிடம் நினைத்தேன். இம்தியாஸ் காய்ச்சல் சரியாகி வந்திருந்தான். நான் எழுதிய கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறான் போல. சாய்வுக் கோடுகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மதியம் என்னோடு சாப்பிடவும் வரவில்லை.

ஜூன் 20, வியாழன்

பரணியிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார். போனில் ஐந்து எண் அடித்ததைச் சொன்னேன். திருத்தி எழுதியதைச் சொன்னேன். வராண்டாவில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தம்மா குடுத்த டீயைக் குடிச்சியா?" என்று கேட்டார்.

குடித்தேன் என்றேன்.

பீன்ஸை மறுபடி எடுத்து நறுக்க ஆரம்பித்தார். இரவு பொரியல் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூன் 22, சனி

காலையில் எஸ்தர் சிஸ்டருக்குப் போன் செய்து சொன்னேன். நீளமாகச் சொல்லவில்லை. செய்தி போனது உண்மை, அனுப்பியது நான், தெரிந்துகொண்டே மறைத்து எழுதினேன் என்றேன்.

சிஸ்டர் முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நான் அந்தப் பொண்ணை நிக்கவெச்சு அத்தனை பேருக்கு நடுவுல படிச்சுக் காட்டினேன்மா" என்றார். வீட்டு விலாசம் கேட்டேன். கொடுத்தார். மையத்து டாக்டரிடம் தானே சொல்வதாகவும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னார்.

சாருக்கும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வர வேண்டாம், கூப்பிடும்போது வந்தால் போதும் என்றார். குரல் உயரவே இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

நானும் கூட வருகிறேன் என்றார் பரணி. வேண்டாமென்றேன். அவர் பக்கத்தில் இருந்தால் நான் ஒரு நல்ல பெண் என்று காட்டிக்கொள்ளத் தோன்றும்.

அன்னூரில் இறங்கி இன்னொரு பஸ். இறங்கியதும் விசாரித்து நடந்தேன். ஓட்டு வீடு, முன்னால் சிமெண்ட் போட்ட வாசல், ஓரமாக மாட்டுக் கொட்டகை. கலாமணி வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தார். "கம்ப்யூட்டர்காரம்மா தானுங்க? வாங்க, வாங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். என்ன இவ்வளவு தூரம் என்றுகூடக் கேட்கவில்லை, முதலில் தண்ணீர் கொண்டுவரத் திரும்பினார். தண்ணீர் கொடுத்துவிட்டால் மறுபடி குடித்துவிடுவேன் என்று பயந்து, நின்ற இடத்திலேயே சொன்னேன்.

"நான்தான் அந்த மெசேஜை அனுப்புனது. உங்களுக்கு வந்தது நிஜம். நீங்க படிச்சது சரி."

மற்றதையும் சொன்னேன். என்ன கமாண்டு, எப்படித் தரவு மாறியது என்றெல்லாம் பஸ்ஸில் தயார்செய்து வைத்திருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை. கலாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே கட்டிலில் சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்தார். "ஆருங்க அம்மணி? என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். கலாமணி உள்ளே போய்ப் போனை எடுத்துவந்து யாரையோ கூப்பிட்டார். எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் நீட்டினார்.

"எங்க நாத்தனாருங்க. இப்ப சொன்னதை இன்னொருக்கா சொல்லுங்க. உள்ள இருக்கற அய்யனுக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

சொன்னேன். பாதியில் என் குரல் கம்மியது. "கேக்கலீங்க" என்றார் கலாமணி. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அந்தப் பக்கம் நாத்தனார் ஏதோ சமாதானமாகப் பேச ஆரம்பித்தார். கலாமணி போனை அணைத்துவிட்டார். கட்டிலில் இருந்த பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவர் அருகில் போய்க் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மருமகள் நின்ற பக்கமே பார்த்து, உயிர் கிடக்கட்டும், உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுவிட்டேனே சாமி என்றார். கலாமணி அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கிளம்பட்டுமா என்று கேட்டபோதுதான் அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்கு எம்பக்கத்துல உக்காந்திருந்தீங்களே. நான் பொய்யா நெனச்சுக்கிட்டனோன்னு உங்ககிட்டத்தான கேட்டேன். அப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்" என்றேன்.

தலையை ஆட்டினார். மேலும் ஏதோ கேட்கப்போகிறார் என்று நின்றேன். கேட்கவில்லை. கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தருகே போய் உட்கார்ந்துகொண்டார். மன்னித்துவிடுங்கள் என்ற சொல் என் வாயில் தயாராக இருந்தது. அதையும் அவர் தலையில் ஒரு வேலையாக வைப்பதுபோல் தோன்றியதால் சொல்லாமல் வந்துவிட்டேன்.

தெருமுனை வரைக்கும் வந்திருப்பேன். பின்னால் பைக் சத்தம். கலாமணியின் கணவர் தங்கவேலு. கொட்டகையில்தான் இருந்திருக்கிறார். கடைசிச் சத்தம்தான் காதில் விழுந்ததாம், அப்பா கூப்பிட்டு மீதியைச் சொல்லியிருக்கிறார். அடிப்பாரோ, திட்டுவாரோ என்று நின்றேன். பஸ் இப்போது இல்லை, மெயின் ரோட்டில் விடுகிறேன், ஏறுங்கள் என்றார். ஏறினேன். வழி முழுவதும் இரண்டு பக்கமும் வாழைத் தோப்பு. காற்றில் இலையெல்லாம் கிழிந்து தொங்கியது. அவர் முதுகு மட்டும் என் முன்னால் விறைத்து நின்றது. அந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, நானும் திட்டு வாங்கத்தான் வந்தேன், ஏன் ஒருவர்கூடத் திட்டவில்லை என்று நினைத்தேன்.

ஸ்டாப்பில் இறக்கிவிட்டார். வண்டியை அணைத்தார். போகவில்லை. ஹேண்டில்பாரில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். கலாமணிக்கும் அவருக்கும் பதினெட்டு வருஷம் ஆகிறதாம். இந்த இரண்டு வாரத்தில் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்றார். நம்பாமல் இல்லை, நம்பவும் இல்லை, அக்கா சொல்லிவிட்டதால் சும்மா இருந்துவிட்டேன் என்றார். இப்போது வீட்டுக்குள் எப்படிப் போவதென்று தெரியவில்லை என்றார்.

பஸ் வருகிறதா என்று இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஏனுங்க" என்றார், என்னைப் பார்க்காமலே. "நீங்க அவகிட்ட மொதல்ல என்னன்னு ஆரம்பிச்சீங்க?"

"நான்தான்னு ஆரம்பிச்சேன்" என்றேன்.

"நான்தான்" என்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பினார்.